நானே விரும்பி விலகுகிறேன்

சார்ட் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். பஸ் டிப்போவில் இருக்கிற இருநூறு டிரைவர், கண்டக்டர்களுக்கும் இது அத்துப்படி. பயிற்சி மையத்து டைரக்டருக்கு மட்டும் தெரியாது, பாவம். அன்று மதியம் இரண்டரை மணிக்கு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எதிர் நாற்காலியைக் காட்டி, அச்சடித்த ஒரு தாளை மேஜைமேல் தள்ளினார். ‘மேலாண்மைப் படிப்புக்கான இந்த ஆண்டு நுழைவுத் தேர்விலிருந்து நானே விரும்பி விலகுகிறேன்’ என்று அதில் இருந்தது. கீழே அவள் பெயரும் தயாராக இருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அவளுக்குப் பதிலாக விரும்புகிற வேலையைக்கூட அவர்களே முடித்து வைத்திருந்தார்கள்.

சார்ட் அக்கா என்பது டிப்போ வைத்த பெயர். எந்த பஸ்ஸை யார் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று டூட்டி சார்ட் போடுவது அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாகப் போடுகிறாள். அதற்குள் மூன்று மேலாளர்கள் வந்தாயிற்று. மூன்று பேரும் நிர்வாகப் படிப்பை முடித்த கையோடு வந்து உட்கார்ந்தவர்கள். மூன்று பேருக்கும் வேலை கற்றுக்கொடுத்தவள் இவள்தான். மூன்றாவது ஆள் இருக்கிறானே, நடுவழியில் பஸ் நின்றுபோனால் யாருக்குப் போன் போடுவது என்று இவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட மறு வாரமே, இவளைப் பார்த்து, “நீங்க கொஞ்சம் பெரிசா யோசிக்கப் பழகணும்” என்று அறிவுரை சொன்னான். அன்று சாயங்காலமே நேராகப் போய் இந்த மையத்தில் சேர்ந்தாள். அப்போது வயது முப்பத்து நாலு. இப்போது முப்பத்தாறு. இந்தத் தேர்வை எழுத முப்பத்தாறுதான் கடைசி வயது. இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான், கதை முடிந்தது.

வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைச் சாத்திவிட்டு, கடிகாரத்தோடு அவள் எதிரே உட்கார்ந்து, சரியாக நாற்பது நிமிஷம் ஆனதும் “பேனாவைக் கீழ வை” என்று ஸ்கூல் வாத்தியார் மாதிரி அதட்டுவார். நாத்தனாருக்குத்தான் வாய் சும்மா இருக்காது. காலேஜில் அண்ணியை மாணவி என்று நினைப்பார்களா, மாணவியின் அம்மா என்று நினைப்பார்களா என்று ஒருநாள் கேட்டாள். பெற்றோர் கூட்டத்துக்கும் நானே போய்விடலாம், உன் அண்ணனுக்கு அலைச்சல் மிச்சம் என்று இவளும் திருப்பிக் கொடுத்தாள்.

ஆனால் ஒரு விஷயம் அவளைப் போட்டு அரித்தது. வீட்டில் புத்தகத்தில் இருக்கிற மாதிரிக் கேள்விகளைப் போட்டால் முக்கால்வாசி சரியாக வருகிறது. மையத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அறுபத்தாறு கேள்விக்குப் பதினைந்தைத் தாண்டுவதில்லை. பதினான்கு மாதிரித் தேர்விலும் இதே லட்சணம்தான். பதற்றம், வயசாகிவிட்டால் வருவதுதான் என்று டைரக்டர் சொன்னார். இவளும் நம்பித் தொலைத்தாள்.

இந்த மையத்தில் ஒரு வழக்கம். மாணவர்களின் விண்ணப்பங்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு கடைசி நாளில் மையமே அனுப்பும். அந்தக் கடைசி நாள் இன்றுதான், சாயங்காலம் ஐந்து மணிவரை. வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு போர்டு: போன வருஷம் எழுதியவர்கள் நாற்பது, வென்றவர்கள் நாற்பது. தோற்பார் என்று தோன்றுகிறவர்களை முன்கூட்டியே விரும்பி விலக வைத்துவிட்டால் நாற்பதுக்கு நாற்பது ஏன் வராது?

அவள் மனசு கஷ்டப்படக் கூடாதே என்ற அக்கறையில்தான் சொல்வதாக டைரக்டர் இழுத்தார். நான்கு பேர் போன வாரமே புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம்.

“எழுதித் தோத்தா அது என் தோல்வி சார். எழுதாம விட்டா அது உங்க போர்டு. எனக்கு என் தோல்வியே போதும்” என்றாள்.

குரல் இறங்க ஆரம்பித்திருந்தது. டிப்போவில் ஒரு டிரைவரை டூட்டியிலிருந்து எடுப்பதானால் என்ன தப்புச் செய்தான் என்று எழுதி அவன் கையில் கொடுத்தாக வேண்டும். அதுபோல எந்தெந்தக் கேள்வியில் கோட்டை விட்டேன் என்று எனக்கும் காட்டுங்கள் என்றாள். மொத்த மார்க்கைத் தவிர வேறெதையும் காட்டும் பழக்கம் இங்கே இல்லை என்றார் அவர். சரி, பழக்கம் வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லீவு கிடைக்காத கண்டக்டர்கள் அவள் மேஜை முன்னால் மணிக்கணக்கில் அப்படி உட்கார்ந்து அவள் உயிரை எடுத்திருக்கிறார்கள். அந்த வித்தை அவளுக்கு வராமல் இருக்குமா? முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, சனியன் விட்டால் போதும் என்று டைரக்டர் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டு அவள் விடைகளை எடுத்துவரச் சொன்னார்.

அந்தப் பெண் தாளோடு வந்தாள், திருதிருவென்று விழித்துக்கொண்டு. “அக்கா, கடைசித் தேர்வுல நாப்பத்தொம்பது விடை சரி. ஆனா நீங்க முக்கால்வாசியை மறுபார்வைன்னு போட்டு அப்படியே விட்டிருக்கீங்க. முடிவுன்னு அழுத்தலைன்னா மார்க் ஏறாது கா.”

அட, அசடே! டூட்டி சார்ட்டைப் பென்சிலில்தான் போடுவார்கள். பஸ் கேட்டைத் தாண்டின பிறகுதான் பேனா. அதற்குள் ஒருத்தனுக்குக் காய்ச்சல் வரும், இன்னொருத்தன் பெண்டாட்டிக்கு வலி எடுக்கும், சார்ட் தலைகீழாகும். பன்னிரண்டு வருஷம் பென்சிலில் வாழ்ந்தவள் கம்ப்யூட்டரிலும் பென்சிலிலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள், கடைசியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்தக் கடைசி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். இந்த விதியை முதல் வகுப்பிலேயே சொன்னார்களாம். அன்றைக்குப் பார்த்து இரண்டு டிரைவர்கள் மட்டம் போட்டுவிட்டதால் அவள் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தாள்.

நாற்பத்தொன்பது என்றால் வகுப்பில் மூன்றாவது இடம். டைரக்டர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! அச்சடித்த தாளை அவரே கிழித்தார். முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று அவளையே குறை சொன்னார், காப்பி வரவழைத்தார், விண்ணப்பத்தை இந்த நிமிஷமே அனுப்பிவிடலாம் என்றார். சந்தோஷத்தில் வீட்டுக்காரருக்குப் போன் போட வேண்டும் என்று எழுந்தவள், மேஜையில் திறந்து கிடந்த ஃபைலைப் பார்த்தாள். அதே வாசகம், நான்கு தாள்கள். நான்கு கையெழுத்துகள். ஒன்று, பின்வரிசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் தம்பியுடையது.

அவர்கள் விடைகளையும் இப்படி எடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டாள். இவளுடையதை எடுக்கும்போதே அவற்றையும் பார்த்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் பெண் தயங்கிச் சொன்னாள். அவர்கள் முடிவை ஒழுங்காகத்தான் அழுத்தியிருந்தார்கள். மார்க்தான் குறைவு, நிஜமாகவே குறைவு.

அவள் மறுபடி உட்கார்ந்தாள்.

“அவங்களோடதையும் அனுப்புங்க சார்.”

“அவங்க தேற மாட்டாங்கம்மா. மார்க் குறைவுன்னு கேட்டீங்கல்ல?”

“அரை மணி முன்னாடி வரைக்கும் நானும் தேறாதவதான். அப்பவும் நான் கையெழுத்துப் போடல.”

மற்றவர்கள் விஷயத்தில் மூக்கை நுழைக்காமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகச் சொன்னார் அவர். மணி நாலு. இரண்டு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அந்த மேஜை டிராயருக்குள் விண்ணப்பமாகக் கிடக்கின்றன. அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது. உனக்கு எதற்கடி இந்த ஊர் வம்பு, வாயை மூடிக்கொண்டு எழுந்து போயேன் என்று உள்ளே ஒருத்தி கெஞ்சினாள். வெளியே இருந்தவள் குரல் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

“அஞ்சும் போகணும். இல்லேன்னா என்னோடதும் போக வேணாம். மூணாவது இடத்துல இருக்கிறவ இல்லாம உங்க போர்டை எழுதிக்குங்க.”

டைரக்டர் அவளை முறைத்தார், கடிகாரத்தைப் பார்த்தார், கிழித்த தாளைப் பார்த்தார். கடைசியில், விலகினவர்கள் சம்மதம் இல்லாமல் எப்படி அனுப்புவது என்று ஒரு முட்டுக்கட்டை போட்டார். அதைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. வர மாட்டேன் என்று வீட்டில் முடங்கினவர்களைப் போனில் பேசி வேலைக்கு இழுத்துவருவதுதானே பன்னிரண்டு வருஷமாக அவள் பிழைப்பு. வரவேற்பு மேஜைக்குப் போய்ப் போனை எடுத்தாள். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ் அழுதுகொண்டே சரி என்றாள். டியூஷன் டீச்சர் நிஜமாகவா என்று மூன்று தடவை கேட்டாள். மருந்துக் கடைக்காரர் யோசிக்கவே இல்லை, அனுப்பு என்றார். நாலாவது ஆள், மெக்கானிக் தம்பி, போனை எடுக்கும்போது மணி நாலு நாற்பது.

“விடுங்கக்கா. எனக்கு வராதுன்னு அவரே சொல்லிட்டாரு.”

“வருமா வராதான்னு பரீட்சை சொல்லட்டும். இவரு யாரு சொல்றதுக்கு?”

போனில் எங்கோ ஒரு லிஃப்ட் கதவு திறந்து மூடியது.

“தோத்துட்டா?”

“தோத்தா தோத்தேன்னு சொல்லிக்கடா. நானும் தோக்கலாம். நானே விலகிட்டேன்னு மட்டும் சாகிற வரைக்கும் சொல்லிட்டிருக்காத.”

“அனுப்பச் சொல்லுங்கக்கா.”

முதலில் அந்த நான்கும் போக வேண்டும், தன்னுடையது கடைசியில் என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பெண்ணின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நடுவில் ஒருமுறை நெட் படுத்தியது. டியூஷன் டீச்சரின் புகைப்படம் ஏற மறுத்தது. அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஐந்தாவது விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் வந்தபோது ஐந்து மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது. அந்தப் பெண் டைரக்டருக்குத் தெரியாமல் அவள் கையை ஒருமுறை அழுத்தினாள்.

கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவளை டைரக்டர் பின்னாலேயே வந்து நிறுத்தினார். அவருக்கு ஆறவில்லை.

“படிக்கிறவங்களுக்கு இவ்வளவு திமிர் ஆகாதும்மா.”

“இது இல்லாமலா சார், முப்பத்தாறு வயசுல வந்து உங்க பெஞ்சுல உக்காந்தேன்?”