எட்டாம் நம்பர் பதில்

சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் ஓரமாகத் தள்ளிவிட்டு, அலுவலக மேசையின் மேல் தன் மூன்று கட்டுரைகளையும் வரிசையாகப் பரப்பினாள். ஒன்று வரலாறு, ஒன்று இலக்கியம், ஒன்று சுற்றுச்சூழல். மாலைக் கல்லூரியில் முந்தைய நாள்தான் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். மூன்று பேராசிரியர்கள், மூன்று கையெழுத்து. சொல்லிவைத்தாற்போல் ஒரே குறை. வரலாற்றுக்காரர் எழுதியிருந்தார்: "எல்லாரும் சொன்னது சரி என்கிறீர்கள். அப்புறம் சண்டை எதற்கு நடந்தது?" இலக்கிய அம்மா எழுதியது: "கவிதை அருமை என்பது எழுதியவருக்கே தெரிந்திருக்கும். நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" சுற்றுச்சூழல்காரருக்குப் பொறுமை இன்னும் குறைவு. "ஆற்றுத் தண்ணீர் சுத்தம் என்கிறது ஓர் ஆய்வு, அசுத்தம் என்கிறது இன்னொன்று. இரண்டையும் பாராட்டியிருக்கிறீர்கள். குடிக்கலாமா, கூடாதா?"

மூன்று வாரத்துக்குள் மூன்றையும் திருத்தி எழுதித் தேற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டு கிடையாது, மறுபடியும் முதலிலிருந்துதான். பள்ளிக்கூடம் முடித்த வருஷம் அப்பா படுத்த படுக்கையாகிவிட, கிடைத்த வேலையில் உட்கார்ந்தவள் அவள். விட்ட படிப்பை இருபது வருஷம் கழித்து எட்டிப் பிடித்திருக்கிறாள். முப்பத்தெட்டு வயதில் ஒருமுறை தைரியம் வந்ததே பெரிய விஷயம். இந்தத் தடவை கைநழுவினால் இன்னொரு தடவை கிளம்ப மாட்டாள் என்பது அவளுக்கே தெரியும். அதனால்தான் பசி எடுக்கவில்லை.

நகரப் பேருந்துக் கழகத்தின் புகார்ப் பிரிவில் பதினான்கு வருஷமாக அவள்தான் பதில் எழுதுகிறாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'பதில்' என்றாகிவிட்டது. எழுதுவது என்று சொன்னால் பெருமைக்குச் சொல்வதுதான். ஏழு பதில்கள் ஏற்கெனவே அச்சடித்துக் கிடக்கின்றன, மூலையில் நம்பரோடு. முதலாவது தாமதத்துக்கு, இரண்டாவது நடத்துநரின் வாய்த்துடுக்குக்கு, மூன்றாவது வண்டியில் விட்ட குடைக்கு, இப்படி. எதிலும் அடங்காத எல்லாவற்றுக்கும் ஐந்தாம் நம்பர்: "தங்கள் மேலான கருத்து உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்படும்." புகார் சொன்னவர் மனம் நோகக்கூடாது, கழகமும் மாட்டிக்கொள்ளக்கூடாது. பட்டும் படாமலும் இரண்டு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுவதில் அவளை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆளில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் இப்போது காலை வாரிவிட்டது. வரலாற்றுக் கட்டுரையின் கடைசி வரியைப் படித்தபோது அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. "முதலாளிகளின் கருத்தும் தொழிலாளர்களின் கருத்தும் மேலானவை, இரண்டும் உரிய கவனத்துடன் பரிசீலிக்கத்தக்கவை." நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போனவர்களுக்கு ஐந்தாம் நம்பர் பதில் அனுப்பியிருக்கிறாள்!

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். எதையும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பழகிய மனிதர்.

"சிரிக்காதீங்க. எனக்குன்னு ஒரு கருத்து இருக்கான்னே தெரியலை."

"இருக்கு. சொல்லத்தான் மாட்டே. கல்யாணமாகி வந்த புதுசுல எங்க வீட்டைப் பத்திக் கேட்டேன். 'எல்லாரும் நல்லவங்க'ன்னே. அப்புறம் எங்க அக்காவும் நீயும் ரெண்டு வருஷம் பேச்சுவார்த்தையே இல்ல."

"அது வேற விஷயம்."

"அதேதான் இது. சரி விடு, மூணு வாரத்துக்கு அடுப்படிப் பக்கம் வராதே. நான் பாத்துக்கறேன்."

அவர் சமையல் எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. "நல்லா சமைப்பீங்க" என்று வாய்தவறிச் சொல்லப்போனவள், நாக்கைக் கடித்துக்கொண்டு, "உப்பை மட்டும் கடைசியா போடுங்க" என்றாள். அன்றைக்கு அவள் சொன்ன முதல் விமர்சனம் அதுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, வருகிற தபாலுக்கெல்லாம் முத்திரை குத்துகிற அண்ணன் ஒரு நீளக் கவரை அவள் மேசையில் போட்டார். "இந்தாம்மா, வந்துட்டாங்க உன் செவ்வாய்க்கிழமை."

நாலு வருஷமாகச் செவ்வாய் தவறாமல் வருகிற கடிதம் அது. ஓர் அம்மா எழுதுகிறார், கோடு போட்ட தாளில், இரண்டு பக்கம். வயது தெரியாது, முகம் தெரியாது. அலுவலகத்தில் அது நிரந்தரக் கேலி. அவளும் கவரைப் பிரித்து, முதல் வரியில் தடம் எண்ணைப் பார்த்து, ஐந்தாம் நம்பரைக் கிளிப்பில் மாட்டி அனுப்பிவிடுவாள். நாலு வருஷத்தில் ஒன்றைக்கூட முழுசாகப் படித்ததில்லை. அன்றைக்குப் படித்ததுகூடக் கட்டுரையிலிருந்து தப்பிக்கத்தான்.

"கடந்த பதினொரு வேலை நாட்களில் ஒன்பது நாட்கள் காலை ஏழு இருபது வண்டி வரவில்லை. மழையால் தாமதம் என்று நிறுத்தத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். வண்டி வந்த இரண்டு நாட்களும் மழை நாட்கள். வராத ஒன்பது நாளும் நல்ல வெயில். இது நான் பார்த்தது. மழை காரணமில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. வேறு என்ன காரணம் என்பது எனக்குத் தெரியாது. ஊகம் இருக்கிறது, ஆனால் ஊகத்தை உங்கள் மேல் சுமத்த மாட்டேன். நான்தான் தாமதமாக வந்திருப்பேன் என்று நீங்கள் சொல்லலாம். எதிரே பூட்டுக்கடையில் ஏழே காலுக்கு ஷட்டரைத் தூக்குகிறார்கள். தூக்கும்போது நான் நிறுத்தத்தில் நிற்கிறேன். கடைக்காரரைக் கேளுங்கள்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுபடி படித்தாள். கத்தல் இல்லை, சாபம் இல்லை. கழகம் சொன்ன காரணத்தை எடுத்து, அதே காரணத்தாலேயே அதைக் கவிழ்த்திருக்கிறார். எதிராளி என்ன சொல்வான் என்பதையும் தானே சொல்லி, அதற்கும் பதில் வைத்திருக்கிறார். பார்த்தது எது, யோசித்தது எது, தெரியாதது எது என்று தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறார். மூன்று பேராசிரியர்களும் சிவப்பு மையில் தலையில் அடித்துக்கொண்டு கேட்டது இதைத்தானே? வாரம் தவறாமல் தன் மேசைக்கே வந்து விழுந்ததை, கிணற்றில் போட்ட கல்லாக்கிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

அன்றே வண்டி ஓட்டப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். குட்டு வெளிப்பட்டது. ஏழு இருபது வண்டியைத் தினமும் ஆற்றோரச் சாலைத் தடத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், அங்கே ஒரு வண்டி பழுது என்று. மழை பெய்தால் ஆற்றோரச் சாலையை மூடிவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் வண்டி தன் தடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. அரைப் பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொண்டுபோனாள். "உரிய கவனத்துடன்" என்ற சொல் அதில் இல்லை.

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா, நீ நம்ம பக்கமா, அவங்க பக்கமா?"

"வண்டி வரலை சார். அந்தப் பக்கந்தான்."

அவர் முகம் சுளித்தார். ஆனால் குறிப்பைக் கிழித்துப் போடவில்லை, மேல் தட்டில் வைத்தார்.

அதன்பின் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தக் கோப்போடுதான். நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம் கடிதங்கள். ஒன்றில் படிக்கட்டின் உயரத்தைத் தன் முழங்காலால் அளந்திருந்தார். இன்னொன்றில், கிழவர்களை ஏற்றாமல் போகிறார் என்று எல்லாரும் ஏசிய ஓர் ஓட்டுநருக்காக வாதாடியிருந்தார். வண்டியின் பக்கக் கண்ணாடி திரும்பியிருந்த கோணத்தில் ஓட்டுநருக்கு நிறுத்தம் தெரியவே தெரியாது என்று படமே போட்டிருந்தார். படிக்கப் படிக்க, குறை சொல்வதும் குறை காண்பதும் வேறு வேறு என்பது அவளுக்குப் பிடிபட்டது. இந்த அம்மா வண்டியை வெறுக்கிறவர் இல்லை. வண்டி வரவேண்டும் என்று வாரா வாரம் ஆசைப்படுகிறவர்.

கட்டுரைகளை விடியற்காலையில் எழுதினாள். வரலாற்றை முதலில் எடுத்தாள். துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றியது. நாலு பேர் தூண்டிவிட்டதால்தான் வேலைநிறுத்தம் பரவியது என்று முதலாளி தன் நாட்குறிப்பில் எழுதியிருந்தார். பாடப் புத்தகமும் அதையே திருப்பிச் சொன்னது. தேதிகளைப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பழைய செய்தித்தாள் நகல்களை நூலகத்தில் இரண்டு நாள் புரட்டினாள். அந்த நாலு பேரும் வேலைநிறுத்தத்தின் இரண்டாம் நாளே சிறைக்குப் போய்விட்டார்கள். அது மற்ற கிடங்குகளுக்குப் பரவியது ஒன்பதாம் நாள். வெயில் நாளில் மழையைக் காரணம் காட்டிய கதைதான். அந்த ஒரு பத்தியை எழுத மூன்று காலைகள் பிடித்தன. 'ஒருவேளை சிறையிலிருந்தே செய்தி அனுப்பியிருக்கலாமே என்று கேட்கலாம்' என்று எழுதி, அதற்கும் பதில் தேடினாள்.

கவிதை அவளைப் படாதபாடு படுத்தியது. வாசலில் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. எல்லா உரைகளும் அவளுடைய பொறுமையைத்தான் புகழ்ந்தன. தேதி, கணக்கு எதுவும் அங்கே செல்லுபடியாகவில்லை. பார்ப்பது மட்டும்தான் மிச்சம் என்று, வரிவரியாக, நிறுத்தத்தில் நிற்கிற அந்த அம்மாவைப் போல நின்று பார்த்தாள். ஐந்தாவது தடவையில்தான் கண்ணில் பட்டது: அந்தப் பெண் காலில் செருப்பு போட்டிருக்கிறாள். தன் வீட்டு வாசலில், உள்ளே இருந்து வந்து நிற்பவளுக்குச் செருப்பு எதற்கு? அவள் காத்திருக்கவில்லை, கிளம்பிக்கொண்டிருக்கிறாள். அடுப்படியில் கணவர் எதையோ தீய்த்துக்கொண்டிருந்தார். ஓடிப்போய் அவரிடம் சொன்னாள். அவர் கரண்டியோடு நின்று கேட்டார். "செருப்பா? அடிப்பாவி, நல்லா பாத்திருக்கே!" அந்த நிமிஷத்தை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள்.

ஆற்றுத் தண்ணீர் சுலபமாக முடிந்தது. சுத்தம் என்று சொன்ன ஆய்வு, ஆலைக்கு வார விடுமுறையான நாளில் தண்ணீர் எடுத்திருந்தது. குடிக்கக்கூடாது என்று முடித்தாள்.

மூன்றிலும் தேறிவிட்டாள். இலக்கியத்தில் மதிப்பெண் ஒன்றும் பிரமாதமில்லை, "செருப்பு நன்று, அவள் எங்கே போகிறாள் என்பதற்கு ஆதாரம் போதாது" என்று குறிப்பு இருந்தது. அதுவும் சரிதான் என்று பட்டது. கல்லூரிப் படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். கணவருக்குப் போன் செய்தாள். அதற்கப்புறம் நன்றி சொல்ல ஞாபகம் வந்த ஆள், முகம் தெரியாத அந்த அம்மாதான்.

மறுநாள் முத்திரை அண்ணனிடம் கேட்டாள். "புகார் குடுக்கறவங்களுக்கு நன்றி சொல்ற மாதிரி நம்மகிட்ட ஏதாவது இருக்காண்ணே?"

"ஏழுதான்மா இருக்கு. உனக்குத் தெரியாததா?"

எட்டாவதை அவளே எழுதினாள். கழகத்தின் தாளில் இல்லை, சொந்தத் தாளில். மாலைக் கல்லூரியில் படிப்பதைச் சொல்லி, "உங்கள் கடிதங்கள் என் வாழ்க்கையையே மாற்றிவிட்டன. ஒவ்வொன்றும் மிக அருமை. என்றென்றும் நன்றியுடையவள்" என்று எழுதி, மனம் குளிர்ந்து தபாலில் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை நீளக் கவர் வந்தது. உள்ளே கோடு போட்ட தாள் இல்லை. அவள் எழுதிய கடிதமே திரும்பி வந்திருந்தது, ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகளோடு. 'ஒவ்வொன்றும்' என்பதன் கீழே கோடு: "எல்லாமுமா? மூன்றாம் வருஷம் எழுதியதில் ஆறேழு கோபத்தில் எழுதியவை. எனக்கே பிடிக்காது." 'வாழ்க்கையையே' என்பதற்குப் பக்கத்தில்: "எப்போது? எந்தக் கடிதத்தால்? ஆதாரம்?" அடியில் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார்.

"ஏழு இருபது இப்போது வருகிறது. நேற்று ஏழு இருபத்தாறு. உங்கள் கடிதம் கிடைத்தது. பார்க்க உங்கள் ஐந்தாவது பதில் போலவே இருக்கிறது. (அதன் மூலையில் '5/7' என்று அச்சாகியிருக்கிறது. ஏழு வகை வைத்திருக்கிறீர்கள் என்பது என் ஊகம்.) நாலு வருஷமாக எழுதியதை ஒருவர் படித்திருக்கிறார் என்று நம்ப எனக்கு ரொம்ப ஆசை. அதனால்தான் கேட்கிறேன். திருத்தி அனுப்பவும்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்த்தன. இருபது வருஷம் கழித்து ஒருத்தி படிக்கக் கிளம்பினால் அவளுக்கு இத்தனை பேர் கிடைப்பார்களா? அடுப்பில் தீய்த்துக்கொண்டே கவிதை கேட்க ஒருவர், சிவப்பு மையில் மூன்று பேர், பென்சிலில் ஒருவர்.

பையிலிருந்து மூன்று கட்டுரைகளையும் எடுத்து, பழைய படியையும் புதிய படியையும் சேர்த்துப் பெரிய கவருக்குள் வைத்தாள். முத்திரை அண்ணன் அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இவ்வளவு கனம்? பதிலா, புகாரா?"

"ஆதாரம்ணே. இருங்க, கடிதம் இன்னும் எழுதலை."

கவரைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கோப்பைத் திறந்து, ஏழு இருபது வண்டியைப் பற்றிய அந்தக் கடிதத்தைத் தேடியெடுத்தாள். புதுத் தாளில் முதல் வரியாக அதன் தேதியை எழுதினாள். அடுத்த வரியில், மழை பெய்த அந்த இரண்டு நாட்களை எழுதினாள்.