சேவுகனின் அபிப்பிராயத்துக்கு ஒரு காவல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. புதுக்கோட்டையிலிருந்து போன பஸ்ஸில், ஜன்னலோர சீட்டுக்காரர் கடலை உடைத்துத் தின்றுகொண்டே சொன்னது. முக்கால் கதை ஆனபோது அன்னவாசல் வந்துவிட்டது. மனுஷன் இறங்கிப் போய்விட்டார். மீதியை ஒட்டவைக்கப் பலமுறை பார்த்துவிட்டேன். ஒட்டவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: '1938. சமஸ்தானத்தின் மீது கருமேகங்கள் சூழ்ந்து…' எந்த மேகமும் சூழவில்லை. அந்த வருடம் மழையே சரியில்லையாம். அடித்துவிட்டேன்.

அடுத்தது: 'சேவுகன் பிறவிக் கலகக்காரன்.' இது பச்சைப் பொய். சேவுகன் கடலை போட்டுப் பிழைத்தவர். மணியக்காரரைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்கிறவர்.

ஆகவே நேராகவே சொல்கிறேன். சித்தன்னவாசல் மலைக்குக் கீழே சேவுகனுக்கு ஒரு புஞ்சைக் கொல்லை இருந்தது. கடலை காய் பிடிக்கும் நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி வந்து மொத்தத்தையும் கிளறிவிட்டுப் போகும். பன்றியைச் சுடும் உரிமை அரண்மனைக்கு மட்டும்தான். (இந்தச் சட்டத்தை நான் எந்தப் புத்தகத்திலும் சரிபார்க்கவில்லை. பஸ்ஸில் கேட்டதுதான்.) போன வருடம் ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. இந்த வருடமும் போனால், கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் குடும்பத்தோடு கப்பலேற வேண்டியதுதான். கங்காணி வீடு தேடி வந்து கேட்டும் விட்டார்.

அந்தக் கோபத்தில்தான் சேவுகன், நிலவரிக் கணக்குப் பார்க்கும் ஜமாபந்திக்கு வந்த அதிகாரி முன்னால் வாய்விட்டார்:

"பன்னிக்கு ஒரு சட்டம் காவலா இருக்குங்க. எங்களுக்கு வீட்டுக்கொரு துப்பாக்கி குடுத்துருங்க. நாங்களே பாத்துக்கிறோம்."

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். பின்னால் மஃப்டியில் நின்ற போலீஸ்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

3

சில மாதம் கழித்து, குகை ஓவியம் பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பிரமுகர் வருவதாக ஏற்பாடு. (பெயரும் பதவியும் போடலாம்தான். போட்டால் கதை அவருடையதாகிவிடும்.) மலையடி எங்கும் போலீஸ். கொல்லைக்குப் போன சேவுகனை மறித்து, 'துப்பாக்கிக்காரன் நீதானே' என்று கேட்டு, அவருடைய கூழ்க்கலயத்துக்குள் குச்சி விட்டுக் கலக்கிப் பார்த்தார்கள். கூழ்தான் இருந்தது. அந்தக் கூழை அவர் அன்று குடிக்கவில்லை. அவமானமாக இருந்தது.

துப்பாக்கியை நான் தொட்டதுகூட இல்லையே என்றார் சேவுகன். இன்ஸ்பெக்டர் பொறுமையாக விளக்கினார்: இருக்கிறவன் எதற்குக் கேட்கப்போகிறான்? இல்லாதவன்தான் கேட்பான். கேட்கிறவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறதா என்று நானும் ரொம்ப நேரம் தேடினேன். இருக்கிறது என்று தெரிகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

முடிவில் ஒரு உத்தரவு வந்தது. கண்ணுசாமி என்ற கான்ஸ்டபிள், தோளில் துப்பாக்கியோடு, சேவுகன் கொல்லையிலேயே தங்கி, ராப்பகலாக அவர்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

(அந்தத் துப்பாக்கிக் குழலுக்குள் குளவி கூடு கட்டியிருந்ததாம். தோட்டாவும் கொடுக்கவில்லையாம். சந்தேக ஆசாமிக்குப் பக்கத்தில் தோட்டா இருக்கலாமா?)

அன்றிலிருந்து பன்றி வரவில்லை.

துப்பாக்கியைப் பார்த்துப் பயமா, பூட்ஸ் சத்தமா, கண்ணுசாமியின் பீடி நாற்றமா என்று ஒரு பக்கம் ஆராய்ந்து எழுதிக் கிழித்துப் போட்டேன். பன்றியின் மனசுக்குள் புகுந்து எழுத எனக்கு இன்னும் கைவரவில்லை.

4

இனி இருளாயி. சேவுகனின் மனைவி. இவரை நான் முதல் பிரதியில் வண்டி வண்டியாக அழவைத்திருந்தேன். 'இருளாயியின் கண்களிலிருந்து பொலபொலவென்று…' வேண்டாம். ஜன்னலோர சீட்டுக்காரர் சொன்ன இருளாயி அழவே இல்லை. கண்ணுசாமிக்கும் சேர்த்துக் கூழ் காய்ச்சி, தொட்டுக்கொள்ளக் கருவாடு சுட்டுக் கொண்டுபோனார்.

வெள்ளைக்காரர் வந்தார், பார்த்தார், போனார். கண்ணுசாமி மூட்டை கட்டினார். கடலை முற்ற இன்னும் நாள் இருந்தது. இருளாயி புருசனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

"சந்தைக்குப் போயி, அன்னைக்குச் சொன்னத இன்னொருக்காச் சொல்லிட்டு வாங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

சேவுகன் அன்னவாசல் சந்தை நடுவில் நின்று, வீட்டுக்கு ஒன்று பத்தாது, இரண்டு துப்பாக்கி வேண்டும் என்றார். கண்ணுசாமி கட்டிய மூட்டையை அவிழ்த்தார். கருவாட்டை நினைத்து அவருக்கும் அதில் வருத்தமில்லை.

[இங்கே ஒரு கட்டுரை எழுதலாம். ஒரு குடியானவனின் அபிப்பிராயத்தைக் காக்க, மன்னிக்கவும், அபிப்பிராயத்திலிருந்து நாட்டைக் காக்கச் சர்க்கார் சம்பளம் கொடுத்து ஆள் போடுகிறது. அந்த ஆள் கடலையைக் காக்கிறார். வரிப்பணம் இவ்வளவு ஒழுங்காகச் செலவானதாக நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.]

5

கடலை பறிக்க நாலைந்து நாள் இருக்கும்போது இன்ஸ்பெக்டரே நேரில் வந்துவிட்டார். வரப்பில் நின்று கேட்டார்:

"இன்னும் அந்த எண்ணம் இருக்காடா?"

இல்லை என்றால் கண்ணுசாமி போய்விடுவார், பன்றி வந்துவிடும். இருக்கிறது என்றால் சேவுகனைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய் உள்ளே வைப்பார்கள். காவலும் அவர் பின்னாலேயே போய்விடும். அப்போதும் பன்றி வந்துவிடும். அதற்கப்புறம் கப்பல்தான். சேவுகன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

கூழ்ப்பானையைத் தலையிலிருந்து இறக்கி வைத்துவிட்டு இருளாயி சொன்னார்:

"அவுகளுக்கு இருக்கோ என்னமோ, எனக்கு இருக்குங்க அந்த எண்ணம். அவுகளக் கூட்டிக்கிட்டுப் போனாலும் நான் இங்கிட்டுத்தான் இருப்பேன். எனக்கு ஒரு ஆளப் போட்டுட்டுப் போங்க."

அன்னவாசல் வந்துவிட்டது.

6

முடிவு ஒன்று: இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். (எனக்குத் தெரிந்த இன்ஸ்பெக்டர்கள் இப்படிச் சிரிப்பதில்லை.)

முடிவு இரண்டு: இருவரையுமே பிடித்துக்கொண்டு போனார்கள். பன்றி வந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது கொல்லையில் (இதை எழுதக் கை வரவில்லை. விட்டுவிட்டேன்.)

முடிவு மூன்று: இருளாயிக்கும் தனியாக ஒரு கான்ஸ்டபிள். ஒரு கொல்லைக்கு இரண்டு துப்பாக்கி, சந்தையில் கேட்டபடியே. (ஆசைதான்.)

ஒன்றை மட்டும் மறைத்துவிட்டேன். ஜன்னலோர சீட்டுக்காரர் இறங்கும்போது ஒரு கை கடலையை என்னிடம் கொடுத்தார். எந்த ஊர்க் கடலை என்று கேட்டேன்.

"எங்க கொல்லைதாங்க. அதே கொல்லை," என்றார் படியில் நின்றபடி.

பஸ் கிளம்பிய பிறகுதான் உறைத்தது, அவர் யாருடைய பேரன் என்று நான் கேட்கவே இல்லை. சேவுகன் பேரன் என்றால் இருளாயி ஜெயித்துவிட்டார். கண்ணுசாமி பேரன் என்றால், கப்பலேறும் முன் அவர்கள் கொல்லையைக் காவல் காத்த மனிதரிடமே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கண்டுபிடிக்கலாம் என்று கையில் இருந்த கடலையைப் பார்த்தேன். வெறும் தொலிதான் இருந்தது. யோசனையில் தின்று தீர்த்திருக்கிறேன். நல்ல கடலை. அந்த வரப்பில் இன்ஸ்பெக்டர் முன்னால் இருளாயி இன்னும் நிற்கிறார், இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.