அன்று வாடை வரவில்லை

தம்பியின் கால்களைப் பிரிக்க இன்னொரு ஆள் வேண்டும் என்று நினைத்துத்தான் அண்ணன் அறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். கடைசி இரண்டு வருடங்களாக அவனுக்குக் கால்சட்டை மாட்டுவதென்றால் அப்படித்தான். கத்தரிக்கோல்போல ஒன்றன்மேல் ஒன்று பின்னிக்கொள்ளும் கால்கள். ஒருவர் முழங்காலைப் பிடித்து விலக்க, இன்னொருவர் துணியை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் இன்னும் இறுகும். இப்போது அவர் தொட்டதுமே விலகிக் கொடுத்தன. இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"பாத்தியாம்மா, எவ்ளோ லேசா வருது," என்றார்.

தம்பி மனைவி சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்குச் சொந்தமாகக் கண்ணாடிக் கடை. அளவெடுத்து அறுப்பது அவர். சுமந்துபோய்ப் பொருத்துவது தம்பி. ஆறடிக் கண்ணாடியை மூன்றாவது மாடிக்குத் தனியாளாக ஏற்றுவான், வாயில் பாட்டு வேறு. முப்பத்தைந்து வயதில் பாட்டு நின்றது. சமதரையில் கால் இடறியது. படி இறங்கும்போது முழங்கால் மடங்க மறுத்தது. செருப்பு வழியில் எங்கோ கழன்று கிடக்கும், அவனுக்குத் தெரியாது. கடை ஆட்கள் 'தள்ளாட்டம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

ஒரு நாள் பெரிய நிலைக்கண்ணாடியோடு கடை வாசலிலேயே விழுந்தான். வாங்க வந்தவர் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் ஓடிப்போய் முகத்தோடு முகம் உரசத் தூக்கி நிறுத்தினார். நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "காலையிலேயே ஏத்திட்டு வந்துட்டியாடா? வீட்டுக்குப் போ. இனிமே கடைப்பக்கம் வராதே," என்றார்.

"அண்ணே, நான் குடிக்கலண்ணே. காலு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"கேக்காது, கேக்காது. உள்ள போனது அப்படி."

எட்டு மாதம் கழித்து ஒரு பெரிய மருத்துவமனையில் தலையைப் படம் எடுத்தார்கள். மூளையின் வெள்ளைப் பகுதி கெட்டுப்போகிறது, காலுக்குச் சேதி கொண்டுபோகும் நரம்புகளின் உறை கரைகிறது, தாய்வழியில் வந்திருக்கிறது என்றார் டாக்டர். ஐம்பது வயதுக்குமேல் அம்மா காலை இழுத்து இழுத்து நடந்தது மூட்டுவலியால் அல்ல என்று அப்போதுதான் தெரிந்தது. "நீங்களும் ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துக்கிறது நல்லது," என்றார் அண்ணனிடம். அண்ணன் தலையாட்டினார். போகவில்லை.

அதன்பிறகு தினமும் கடை அடைத்ததும் வந்து தம்பிக்குக் கால் நீவிவிட்டார். நான்கு வருடம் எல்லாப் பேச்சும் வந்தது, அந்த ஒரு நாளின் பேச்சைத் தவிர. கடைசி வருடம் தம்பிக்கு நாக்கும் குழறியது. இனி அதைப் பற்றிக் கேட்டாலும் பதில் புரியப்போவதில்லை என்று அண்ணன் மனதைத் தேற்றிக்கொண்டார்.

"மாமா," என்றாள் தம்பி மனைவி, கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு. "வண்டி வர்றதுக்குள்ள ஒண்ணு கேட்டுடறேன்."

"கேளும்மா."

"அன்னைக்குக் கடை வாசல்ல அவரைத் தூக்கினீங்களே. குடிச்ச வாடை வந்துச்சா?"

அண்ணன் தம்பியின் கணுக்காலைப் பிடித்திருந்தார். விடவில்லை.

"இல்லம்மா. வரல."

"தூக்கும்போதே தெரியுமா?"

"தெரியும். கண்ணாடி போச்சு, அந்த ஆளு வேற பாத்துட்டு நின்னாரா... என்னமோ ஒண்ணு சொல்லணும்னு வாயில வந்துடுச்சு."

அவள் அழுவாள், இல்லையென்றால் திட்டுவாள் என்று நினைத்தார். அவள் மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அவர் ஒரே ஒரு தடவதான் சொன்னார். 'என் மூச்சு அண்ணன் மூஞ்சியிலேயே பட்டுச்சு, அவருக்குத் தெரியும்'னு. நான்தான் நம்பல. அண்ணனை அப்படிச் சொல்லாதீங்கன்னு சண்டை போட்டேன். அப்புறம் அவர் அதப் பத்திப் பேசவே இல்ல."

வெளியே வண்டி வந்து நின்றது. இருவர் உள்ளே வந்து தம்பியைத் தூக்கிப்போனார்கள். வழிவிடுவதற்காகக் கட்டிலை நகர்த்தியதில் சுவர் முழுதாகத் தெரிந்தது. கட்டிலிலிருந்து குளியலறை வரை, இடுப்பு உயரத்தில், தம்பி பிடித்து நடந்த விரல் அழுக்கு ஒரு கோடாக ஓடியது. அதற்குக் கீழே, முழங்கால் உயரத்தில், அவன் தவழ்ந்துபோன நாட்களின் இன்னொரு கோடு.

"வாங்க மாமா. போலாம்."

வழி குறுகலாக இருந்தது. அண்ணன் உடம்பை ஒருக்களித்து, சுவரில் கை பட்டுவிடாமல், அவள் பின்னால் மெதுவாக நடந்தார்.