பொதுக் கூட்டாளி ஒருவர்

மொன்டானாவின் தலைநகர் ஹெலினாவில், பதிவு அலுவலகத்தில் வரிசை நகரும்வரை ஓரின் அந்தப் பழுப்பு உறையை அக்குளில் இடுக்கிக்கொண்டே நின்றான். மார்லிஸுக்கு அதுதான் உறுத்தியது. நார்த் டகோட்டாவிலிருந்து எட்டு மணி நேரம் லாரியில் வந்திருக்கிறார்கள். வழியில் ஒருவனுடைய கோதுமை வயலைக்கூடக் குறை சொல்லாமல் தம்பி ஓட்டி வந்திருக்கிறான். வாயை மூடத் தெரியாதவன் வாயை மூடினால் நம்பவா முடியும்? ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை, இதற்கு நீ எதற்கு என்று அவன் மூன்று தரம் சொன்னதால்தான் அவள் கிளம்பியதே.

அப்பா விட்டுப்போன தேனீத் தொழிலில் அக்காவும் தம்பியும் பொதுக் கூட்டாளிகள். முடிவெடுப்பவர்கள் அவர்கள்தான், கடன் முற்றினால் குடியிருக்கும் வீடு வரைக்கும் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான். பணம் மட்டும் போட்ட அத்தை மகன்கள் இருவருக்கும் போட்டது போனால் போச்சு, ஆனால் எதிலும் பேச்சு கிடையாது. இந்தக் கோடையில் மொன்டானாவில் நானூறு தேனீப் பெட்டி வைப்பதாக ஏற்பாடு. வெளிமாநிலக் கூட்டு நிறுவனம் இங்கே பதிந்துகொள்ளாமல் தொழில் செய்ய முடியாது.

முகப்பில் இருந்த பெண் உறையை வாங்கிப் பிரித்தாள். சொந்த மாநிலம் கொடுத்த சான்றை விண்ணப்பத்தோடு வைத்து விரலால் ஒப்பிட்டாள்.

"பொதுக் கூட்டாளி நீங்க ஒருத்தர்தானே சார்? ஓரின் ட்வெய்ட்?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். மார்லிஸ் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். ஏப்ரலில் பெட்டிகளை ஏற்றும்போது லாரி பானெட்டின்மேல் தாள்களைப் பரப்பி, மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னான். ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு அவளும் ஐந்து இடத்தில் போட்டாள். வெயில் ஏறுமுன் பெட்டி ஏறியாக வேண்டும். அந்த அவசரத்தில் எமனே தாளை நீட்டினாலும் தேனீக்காரர்கள் படித்துப் பார்க்க மாட்டார்கள்.

"என் பேர் எங்கடா போச்சு?"

"இருக்குக்கா. அத்தை பசங்களோட சேர்த்து, பணம் மட்டும் போட்டவங்க பக்கத்துல." குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு வருஷமா பாதிப் பெட்டி செத்துப்போவுது. நாளைக்கு பேங்க்காரன் வந்தான்னா உன் வீட்டத் தொட முடியாது. அதுக்குத்தான்."

"அத ஏன் ஏப்ரல்லயே சொல்லல?"

"சொன்னா போட்டிருப்பியா?"

போட்டிருக்க மாட்டாள். அது அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதே அவளுக்குக் கோபமாக வந்தது. சிறுவயதில் அவளுக்காக அடி வாங்கியவனும் இவன்தான். அவளுடைய சைக்கிளைச் சொல்லாமல் விற்றவனும் இவன்தான். இன்று வந்திருப்பது அந்த இருவரில் யார்?

அவள் முகப்புப் பெண்ணிடம் திரும்பினாள். "நீயே சொல்லும்மா. இது எனக்கு நல்லதா, கெட்டதா?"

"சட்ட ஆலோசனை சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லங்க மேடம்," என்றாள் அந்தப் பெண், தினமும் சொல்லிப் பழகிய குரலில். விண்ணப்பத்தைத் தம்பியின் கையெழுத்துக்காக நகர்த்தி வைத்தாள்.

மார்லிஸ் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"ஓரின், ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு நீ மொத்தப் பெட்டியையும் விக்கணும்னா என்னக் கேக்கணுமா?"

அவன் பேனாவின் மூடியைக் கழற்றினான், திரும்ப மாட்டினான். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். முகப்புப் பெண் தேதி முத்திரையை மையில் ஒற்றி எடுத்து, அந்தக் கை விலகுவதற்காகக் காத்திருந்தாள்.