பீரோ ஏறாத மாடிப்படி

படி திரும்பும் இடத்தில் பலகை மறுபடியும் சுவரில் இடித்தது. பலகைமேல் படுத்திருந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். கீழ்ப்படியில் நின்ற அவன் மனைவி கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"போகாது. பின்னாடி எடு" என்றார் மேஸ்திரி.

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் மேஸ்திரியும் நெட்டையனும் அவள் கணவனும் ஒரே செட்டு. நேற்று ஒரு வீட்டில் பீரோவை இறக்கும்போது கயிறு வழுக்கி, மொத்தப் பாரமும் அவன் இடுப்பில் விழுந்துவிட்டது. சுளுக்குதான் என்று சொல்லி, சுவரைப் பிடித்துத் தானே மாடியேறிப் படுத்தான். காலையில் பார்த்தால் இரண்டு காலும் அசையவில்லை. ஆம்புலன்ஸ் எல்லாம் வெளியே போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். மேஸ்திரிக்குப் போன் போட்டாள். வேறொரு வீட்டு பீரோவை ஏற்றிய வண்டியோடு பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார்கள்.

இந்தப் படியை மூலையில் ஒடுக்கச் சொன்னது அவள்தான். கொத்தனார் தரையில் கோடு போட்ட அன்று, கணவன் கோட்டுக்குள் நின்று கைகளை விரித்துப் பார்த்தான். "திருப்பத்துல இடம் பத்தாது. ஒரு பீரோ ஏறாது" என்றான்.

"ஆமா, நம்மகிட்ட பீரோ வரிசை கட்டி நிக்குது! இத ஒடுக்கினா சமையல்கட்டுல நான் இடிச்சுக்காம திரும்புவேன்ல?"

அவனும் சிரித்துவிட்டான். காலமெல்லாம் வாடகை அறையில் இருந்தவர்களுக்கு அது முதல் வீடு. குடிவந்தபோது பாயும் தலையணையும் துணிமூட்டையும் ஜோராக மேலே ஏறின. ஓர் ஆளைப் படுத்த வாக்கில் இறக்க வேண்டிவரும் என்று யாருக்குத் தோன்றும்?

"ஜன்னல் வழியா கயிறு கட்டி இறக்கிடலாமாண்ணே?" என்றான் நெட்டையன்.

"கம்பிய சுவத்தோட வச்சுப் பூசியிருக்கு, பாக்கலயா?"

திருட்டுப் பயம் என்று அடம்பிடித்துக் கம்பி வைக்கச் சொன்னதும் அவள்தான். திருட இந்த வீட்டில் என்ன இருந்தது?

மேஸ்திரி திருப்பத்தை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "பலகையோட நிமித்தித்தான் திருப்பணும்."

"ஐயோ, அவர நிமித்தக் கூடாதுண்ணே. இடுப்பு என்னாகுமோ!"

"இறுக்கிக் கட்டிட்டா அசையாதும்மா." சொன்னாரே ஒழிய, அவர் முகத்திலும் ஈயாடவில்லை.

பீரோவுக்குப் போடும் பட்டைகளை நெஞ்சிலும் இடுப்பிலும் முழங்காலிலும் போட்டு இறுக்கினார்கள். பலகை நிமிர்ந்தது. அவன் அலறிய அலறலில் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவனே பேச ஆரம்பித்தான். எத்தனையோ வீடுகளில் சொல்லிப் பழகிய வேலைக்குரல் அது.

"நெட்டையா, அடிய உன் பக்கம் வாங்கு. முதுக சுவத்துல குடு. அண்ணே, தலைய விடாதீங்க. ம்... இப்ப திருப்பு."

பாதம் கைப்பிடிக் கம்பியில் சிக்கியது. அவள் பாய்ந்து இரண்டு கைகளாலும் அதை விடுவித்தாள். ஜில்லென்றிருந்தது.

"வலிக்குதாங்க? அழுத்திப் பிடிச்சுட்டேனா?"

"நீ எங்க பிடிச்சிருக்க?" என்றான் அவன்.

பலகை மெல்லத் திரும்பிக் கீழே இறங்கியது.

வாசலுக்கு வருவதற்குள் மேஸ்திரியின் போன் அடித்தது. முதலாளி. அவர் கத்துவது அவளுக்கே கேட்டது. "போற வழியில அந்த பீரோவ இறக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கய்யா. பார்ட்டி காத்துக்கிட்டிருக்காங்க." மேஸ்திரி அவளைப் பார்க்காமல், "சரிங்க முதலாளி" என்றார்.

வண்டிக்குள் வெறும் தகரத்தரை. அதில் பலகையை வைத்தார்கள். பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ, தலை முதல் கால் வரை தடித்த கம்பளிகள் சுற்றி நின்றது. கணவனுக்கு அடியில் போட ஒன்றை உருவலாம் என்று அவள் முடிச்சில் கை வைத்தாள்.

"அதத் தொடாத" என்றான் அவன், படுத்தபடியே. "பள்ளத்துல ஏறி இறங்கினா கண்ணாடி உடைஞ்சிடும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தினார்கள். வண்டி முதல் பள்ளத்தில் விழுந்தபோது பலகை தகரத்தில் மோதி எகிறியது. பீரோவிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.