பௌர்ணமியன்று போட்ட தளம்

புகழேந்திக்கு யாரிடமும் உதவி கேட்கத் தெரியாது. பேருந்தில் பக்கத்தில் இருப்பவரிடம் சன்னல் கண்ணாடியை இழுத்துவிடச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, செங்கம் வரைக்கும் சாரலில் நனைந்தபடியே போகிற ஆள். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தான். இரண்டு பேர் பிடிக்கவேண்டிய பெரிய படத்தையும் முழங்காலில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தனியாகவே மாட்டி முடித்துவிடுவான்.

அவன் அப்பா கட்டிய வீடு சில வருடங்களாகவே ஒழுகிக்கொண்டிருந்தது. மழை வந்தால் கூடத்தில் ஒரு வாளி, அடுப்படியில் ஒரு குண்டான், கட்டில் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் என்று வீடே கல்யாணப் பந்தி மாதிரி பாத்திரங்களால் நிறைந்துவிடும். கடைசியில் ஒரு வழியாகப் பழைய கூரையை இடித்து, சுவரைப் பூசி, புதுத் தளம் போடுவது என்று முடிவானது.

அவன் மனைவி திரௌபதி, கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கல்லூரியில் கபடி ஆடியவள். கூட ஆடிய பெண்களோடு இன்றைக்கும் போகவர இருப்பவள்.

"தளம் போடுற அன்னிக்கு எங்க டீம் பொண்ணுங்களைக் கூப்பிடட்டுமா?" என்று அவள் கேட்டாள்.

"எதுக்கு? அவங்கவங்களுக்கு ஆயிரம் வேலை. மேஸ்திரி ஆளுங்களே போதும்."

"உங்க அக்காவுக்காவது சொன்னீங்களா?"

"முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம். பாவம், அது வேற எதுக்கு அலையணும்."

திரௌபதி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பாசாமி மேஸ்திரி தன் ஆட்களோடு வந்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி வேலையை ஆரம்பித்தார். "மதியத்துக்கு மேல பௌர்ணமி சார். கிரிவலக் கூட்டம் சேர்றதுக்குள்ள முடிச்சிடலாம்" என்றார். வாசலில் கலவை மெஷின் கடகடவென்று சுற்ற, கான்கிரீட் சட்டி சட்டியாக மேலே போனது. புகழேந்தி சந்தோஷமாக எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான்.

பாதித் தளம் முடிந்திருந்த நேரம். மெஷினுக்குள் ஏதோ படாரென்று உடைந்தது. உருளை அப்படியே நின்றுபோனது. மேஸ்திரி எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பல்சக்கரம் போச்சு சார்."

"மீதிய நாளைக்குப் போட்டுக்கலாமா?"

"பாதியில விட்டா அந்த ஒட்டு வழியா தண்ணி இறங்கும். வருஷா வருஷம் ஒழுவும். இன்னிக்கே முடிச்சாவணும். வேற மெஷின் வரச் சொல்றேன், இருங்க."

வேறு மெஷின் வந்தது. ஆனால் தெருமுனை வரைக்கும்கூட வரவில்லை. மெயின் ரோட்டில் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திவிட்டார்கள் என்று டிரைவர் போன் செய்தார். புகழேந்தி ஓடினான். தடுப்புக்குப் பக்கத்தில் நின்ற பெண் காவலரைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. சிந்துஜா! திரௌபதியோடு கபடி ஆடியவள்.

"அண்ணா, நீங்களா? என்னாச்சு, வேர்த்து ஊத்துது?"

அவன் விஷயத்தைச் சொன்னான். அவள் வருத்தத்தோடு தலையை ஆட்டினாள்.

"அவ்ளோ பெரிய மெஷினை இந்தக் கூட்டத்துல விட முடியாதுண்ணா. யார் கால்லயாவது ஏறிட்டா? ஆனா ஒண்ணு, இன்னும் கொஞ்ச நேரத்துல எனக்கு டூட்டி மாறுது. நான் வரேன்."

"நீ வந்து என்னம்மா பண்ணுவ?"

"மெஷின் இல்லாத காலத்துல வீடே கட்டலையா? கையால கலக்கலாம். ஆளு ஜாஸ்தி வேணும், அவ்ளோதான். ஞாயித்துக்கிழமை வேற. எல்லாருக்கும் போன் போடுங்க. முதல்ல உங்க வீட்டு ஆளுங்களுக்குப் போடுங்க."

புகழேந்தி ஒரு பழக்கடை நிழலில் ஒதுங்கி நின்று போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அக்கா தமிழ்செல்வியின் எண்ணை அழுத்தினான்.

"அக்கா... வீட்டுக்குத் தளம் போடுறோம். பாதியில நிக்குது. கொஞ்சம் வர முடியுமா?"

"அப்பா கட்டின வீட்டுக்குத் தளம் போடுற. எனக்கு இப்பதான் தெரியுது" என்றது அக்காவின் குரல். போன் வைக்கப்பட்டுவிட்டது.

இனி அக்கா வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

அங்கே திரௌபதி அவனைக் கேட்காமலே கபடிப் பெண்களைக் கூப்பிட்டிருந்தாள். ஒருத்தி தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒருத்தி வேன் ஓட்டுகிறவள். வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்தே வந்துவிட்டாள். கடைத்தெருவிலிருந்தும் நாலைந்து பேர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். மேஸ்திரியின் ஆட்கள் தரையில் ஜல்லியையும் மணலையும் கொட்டி மண்வெட்டியால் புரட்ட ஆரம்பித்தார்கள். திரௌபதி விசிலை ஊதி, வாசலிலிருந்து ஏணி உச்சி வரைக்கும் ஆட்களையும் புகழேந்தியையும் வரிசையாக நிறுத்தினாள்.

"வாங்கு, காலோட திரும்பு, கொடு! சட்டிய நெஞ்சோட அணைச்சுப் பிடி, இல்லன்னா முதுகு போயிடும்!"

வரிசை சரளமாக ஓட ஆரம்பித்தபோதுதான் தெருவில் ஒரு சத்தம் கேட்டது. தமிழ்செல்வி! தலையில் ஒரு கூடை. பின்னால் அவள் புருஷனும், நிலத்து வேலைக்காரர்கள் ஐந்தாறு பேரும். தடுப்புக்கு அந்தப் பக்கமே வண்டியை விட்டுவிட்டு வெயிலில் நடந்து வந்திருந்தார்கள். கூடையை இறக்கினாள். அவித்த மல்லாட்டை, தோலோடு வெந்த வேர்க்கடலை, இன்னும் ஆவி பறந்தது. தம்பியிடம் ஒரு வார்த்தை பேசாமல் புடவையைச் செருகிக்கொண்டு அவனுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றாள். சட்டியை அவன் கையில் வேகமாகத் திணித்தாள்.

நான்கைந்து சட்டி போனபிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏன்டா சொல்லல?"

"உனக்கு எதுக்கு சிரமம்னுதான்கா..."

"இந்த வீட்டுக்கு அப்பா அஸ்திவாரம் போட்டப்ப நான் தண்ணி சுமந்தேன். நீ மணல் மேல உக்காந்து அழுதுட்டு இருந்த. அப்ப யாராவது எனக்குச் சிரமம்னு பார்த்தாங்களா?" அடுத்த சட்டியைக் கொடுத்தாள். "கூப்பிட்டாதான்டா இது எனக்கு அப்பா வீடு. கூப்பிடலைன்னா நான் வெளியாளு."

புகழேந்தியின் இரண்டு கையிலும் சட்டி இருந்ததால் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான். கன்னமெல்லாம் சிமெண்ட் அப்பிக்கொண்டது. அதைப் பார்த்ததும் தமிழ்செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூஞ்சியப் பாரு, விபூதி பூசின மாதிரி" என்றாள். அவள் சிரித்ததும் இவனும் சிரித்தான். சிரிப்பில் சட்டி கொஞ்சம் சாய, உடனே திரௌபதி விசிலை ஊதினாள்.

டூட்டி முடிந்து சிந்துஜாவும் வந்துவிட்டாள். தொப்பியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு காக்கிப் பேண்டோடு ஏணியில் ஏறினாள். மேலே போய் நின்றவள், சட்டி கைக்கு வரும்போதெல்லாம் "கபடி கபடி கபடி" என்று மூச்சு விடாமல் பாட ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்க அதையே பாடியது. கடைக்காரர்கள், அக்காவின் மல்லாட்டைக் கொல்லை ஆட்கள், அப்பாசாமி மேஸ்திரி எல்லோருமே பாடினார்கள். கிரிவலம் போகப் புறப்பட்டுத் தெருவைக் கடந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து பத்துச் சட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் மலையைச் சுற்றக் கிளம்பினார்.

வெளிச்சம் இருக்கும்போதே கடைசிச் சட்டி மேலே போனது. மேஸ்திரி மட்டப்பலகையால் இழுத்துவிட்டு, "ஒரே தளம். ஒட்டே இல்ல" என்று கையைத் தட்டினார். எல்லோரும் வாசலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதமும் மல்லாட்டையும் சாப்பிட்டார்கள்.

பெண்கள் கை கழுவிக் கிளம்பும் நேரத்தில் புகழேந்தி எழுந்து நின்றான். காது சிவந்திருந்தது.

"அடுத்த மாசம் பெயின்ட் அடிக்கணும்" என்றான். "நீங்க எல்லாரும் வரணும். வந்தாதான் ஆவும்."

"வராம? என்ன கலர்னு நான்தான் சொல்லுவேன்" என்றாள் தமிழ்செல்வி. "கூடத்துக்குப் பச்சை."

"பச்சையா? ஐயோ அண்ணி, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்!" என்றாள் திரௌபதி.

"அப்போ மஞ்சள்" என்றாள் சிந்துஜா.

சண்டை தெருவரைக்கும் போனது. புகழேந்தி சுவரில் சாய்ந்து, யாரையும் தடுக்காமல், வாய் நிறைய மல்லாட்டையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தான்.