நான்காம் குளத்து ஆமை

பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். நாலு பக்கமாகத் திரும்பி வந்திருந்தது. அணு உலை வளாகத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு, அங்கே நடந்த வனவிலங்கு ஆய்வின் வரலாற்றை எழுதச் சொன்னதே இயக்குநர்தான். இருபத்தொன்பது வருடமாக ஆமைகளைப் பிடித்து, ஓட்டின் ஓரத்தில் அரத்தால் வெட்டுப் போட்டு, எண் கொடுத்து, கதிர்வீச்சை அளந்து திரும்ப விட்டு வருகிறவள் அவள். ஆமைக்காரம்மா என்றால் வளாகத்தில் தெரியாதவர் கிடையாது. மலரில் மான் படம் அரைப் பக்கத்துக்கு இருந்தது. கழிவுநீர் கசிந்த நான்காம் குளத்துக்கு மட்டும் ஒரே வரி: ‘இங்கு உயிரினங்கள் எதுவும் காணப்படவில்லை.’ அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“விழா மலரும்மா. அதுல போய் இதெல்லாம் எதுக்கு?” என்றார் இயக்குநர். “நாலு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க. நிம்மதியா போங்களேன்.”

“அங்க நூத்தி நாப்பது ஆமை இருக்கு சார். ஒவ்வொண்ணா எண்ணினவ நான்.”

“இருந்துட்டுப் போகட்டும். அடுத்த மாசம் குளத்தை மண்ணு போட்டு மூடப்போறோம்.”

அப்போதுதான் அந்த ஒரு வரியின் சூட்சுமம் அவளுக்குப் புரிந்தது. உயிர் இல்லாத குளத்தை மூட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

அவர்கள் வெட்டி எறிந்த பக்கங்களில் முதல் பக்கமும் ஒன்று. நாற்பத்தாறு வருடத்துக்கு முன் லாரிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த ஒரு தவளையால், கதிர்வீச்சைக் கண்டால் கத்தும் வாயிற்கருவி அலறியதையும், காவலர் ஒருவர் அதைப் பதிவேட்டில் எழுதியதையும் அதில் சொல்லியிருந்தாள். கருவி கத்தினால் எழுதியே ஆகவேண்டும். பதிவேட்டின் பக்கங்களுக்கு எண் உண்டு, கிழித்தால் தெரிந்துவிடும். நகல் அன்று மாலையே தலைமையகத்துக்குப் போய்விடும். அந்தத் தவளைக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் ஆய்வுக்கூடமே கட்டினார்கள்.

கையுறையை மாட்டிக்கொண்டு நேராகக் குளத்துக்குப் போனாள். கரையோரக் கூண்டில் மூன்று ஆமைகள் விழுந்திருந்தன. அதில் ஒன்று பதினேழாம் எண். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வெட்டுப் போட்டது. அரம் வழுக்கியதில் ஒரு வெட்டு கோணலாக விழுந்து, அப்போதிருந்த அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அந்தக் கோணல் வெட்டு இன்னும் அப்படியே இருந்தது. அதை பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க வாயிலுக்கு நடந்தாள்.

கருவி அலறியது. காவலுக்கு இருந்தது அவளுடைய மருமகன், மகளின் கணவன். பதறி எழுந்தான்.

“அத்தை, என்ன இது? திரும்பக் கொண்டுபோய் விட்டுடுங்க. நான் எதையும் பாக்கல.”

“உங்க மெஷின் பாத்துடுச்சே மாப்ள. எழுதுங்க.”

“என் வேலைக்கு உலை வச்சுடாதீங்க.”

“எழுதாம விட்டாத்தான் வேலை போகும். எழுதினா, கொண்டுவந்தவளைத்தான் கேப்பாங்க. கேக்கட்டும்.”

“வீட்ல உங்க பொண்ணுகிட்ட நான் என்ன சொல்றது?”

“உங்கம்மா ஆமையோட வந்து நின்னாங்கன்னு சொல்லுங்க. உடனே நம்புவா.”

மேசைத் தொலைபேசி அடித்தது. இயக்குநர் அறையின் எண். அவன் தொலைபேசியைப் பார்த்தான், மாமியாரைப் பார்த்தான். தன்னை வெளியே அனுப்பினால் போகட்டும், இந்தப் பையன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்றுதான் அவளுக்குக் கவலை. ஆனால் தொட்டியைக் கீழே இறக்கவில்லை.

தொலைபேசி அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவன் பதிவேட்டை இழுத்துப் பிரித்தான்.

“சொல்லுங்க அத்தை.”

“உயிருள்ள ஆமை ஒன்று. எண் பதினேழு. நான்காம் குளம்.”

“உயிருள்ளன்னு போடணுமா?”

“அதைத்தான் முதல்ல போடணும்.”

அவன் குனிந்து எழுதத் தொடங்கினான். தொட்டிக்குள் அதுவரை ஓட்டுக்குள் சுருங்கிக் கிடந்த பதினேழு, மெதுவாகக் கழுத்தை நீட்டி, முன்னங்கால் ஒன்றைத் தூக்கித் தொட்டியின் விளிம்பில் போட்டது.